மைதானம் அண்ணாவின் தலை

எங்கள் ஆய்வகத்திலிருந்து வெளியான ஆய்வேடுகள் பலவற்றிலும் ஒரே மனிதருடைய மூளைதான் முதல் படமாக இருக்கும். படத்தின் அடியில் "பங்கேற்பாளர் ஒருவர்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். அந்த ஒருவர் எங்கள் நிறுவனத்தின் வேன் ஓட்டுநர். அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரை. மூளையைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை. அவருக்குத் தலையில் முடி கிடையாது, அவ்வளவுதான்.

காதுகளை ஒட்டிப் பின்பக்கமாக ஒரு நரைத்த அரைவட்டம் மட்டும் மிச்சம். மற்றபடி நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. "மைதானம்" என்ற பெயரை அவரே தனக்கு வைத்துக்கொண்டார். ஒரு புது மாணவன் அவர் தலையைக் கூச்சத்தோடு பார்த்தபோது, "நல்லா பாருங்க தம்பி, மைதானம். கிரிக்கெட் ஆடலாம், பிட்ச் மட்டும் கொஞ்சம் வழுக்கும்" என்றாராம். அதிலிருந்து எல்லோருக்கும் அவர் மைதானம் அண்ணா.

நாங்கள் செய்வது தலைக்குள் ஒளியைச் செலுத்தும் வேலை. சிவப்புக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒளி; அண்மை அகச்சிவப்பு என்பார்கள். இருட்டில் டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். அந்த ஒளி தோலையும் எலும்பையும் கடந்து மூளையின் மேல்பரப்பு வரை போகும். அதில் ஒரு சிறு பகுதி வளைந்து திரும்பி, மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெளியே வரும். அங்கே ஒரு சென்சார் அதைப் பிடித்துக்கொள்ளும். மூளையின் ஓர் இடம் வேலை செய்ய ஆரம்பித்தால், சில விநாடிகளில் அங்கே புது ரத்தம் வந்து சேரும். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. அந்த வித்தியாசம் திரையில் இரண்டு கோடுகளாக ஓடும். சிவப்புக் கோடு ஏறி, நீலக் கோடு கொஞ்சம் இறங்கினால், அந்த இடம் விழித்துக்கொண்டது என்று அர்த்தம்.

இதற்கு முடிதான் எதிரி. கறுத்து அடர்ந்த முடி ஒளியைத் தின்றுவிடும். ஒருவர் வந்து உட்கார்ந்தால், நீச்சல் தொப்பி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் தொப்பியை மாட்டி, ஒவ்வோர் ஓட்டையிலும் குச்சியை விட்டு முடியை விலக்கி, தோல் தெரிகிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் சென்சாரைப் பொருத்த வேண்டும். அந்த வேலை என்னுடையது. நீளக் கூந்தல் என்றால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அதன் பிறகும் சில தலைகளில் ஒன்றும் வராது. மைதானம் அண்ணாவுக்குத் தொப்பியை மாட்டினால் போதும். கோடுகள் பாடப் புத்தகத்தில் வரைந்தது போல வரும்.

அதனால் புதுத் தொப்பி வந்தால் அவர் தலை. புது மாணவர் வந்தால் பழகிக்கொள்ள அவர் தலை. வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கும் அவர் தலை. ஆய்வுக்கு வருகிறவர்களை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "இன்னிக்குத் தலை வேணுமா?" என்று கதவோரம் நின்று கேட்பார். இந்த வேலையில் அசையக் கூடாது. புருவத்தை உயர்த்தினாலும் பல்லைக் கடித்தாலும் கோடு குதித்துவிடும். அவர் கைகளைத் தொடையில் வைத்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பல வருஷம் லாரி ஓட்டிய உடம்பு.

லாரி ஓட்டிய காலத்தில்தான் கல்யாணம். துணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு சீருடைத் தையலகத்துக்குப் போய்வந்திருக்கிறார். முடி அப்போதே கொட்டிவிட்டதால் எந்நேரமும் தொப்பியோடு திரிவாராம். அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கல்யாணப் பேச்சை எடுத்திருக்கிறார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "முதல்ல தொப்பியைக் கழட்டுங்க. சரக்கைப் பார்க்காம எப்படி விலை சொல்றது?" என்றாளாம். கழற்றினார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாளாம். தையல் மேஸ்திரி வந்து திட்டுகிற வரைக்கும்.

இதையெல்லாம் தொப்பி மாட்டும்போது சொல்வார். முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் வாயே திறக்காதவர்கள்கூட, பின்னால் ஒருத்தி நின்று தலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பேசுவார்கள். முடி வெட்டும் கடையில் பேசுகிற மாதிரிதான்.

அவர் மனைவி போன வருஷம் இறந்துபோனார். காலையில் நெஞ்சு வலி, மாலைக்குள் முடிந்துவிட்டது. வேலை நேரமாதலால் அவர் நிறுவனத்தின் வேனிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். ஒரே மகள், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, அவருக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். டாக்டர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். மைதானம் அண்ணா கேட்டுக்கொண்டார். பிறகு, "வண்டியை ஆம்புலன்ஸ் வர்ற வழியில விட்டுட்டேன். எடுத்துவிட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

மகள் டாக்டரோடு தனியாக நின்றாள். கையெழுத்துப் போட்டதும், சொந்தக்காரர்களுக்குப் போன் செய்ததும், என்ன சேலை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதும் அவள்தான். அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அழவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அழவில்லை. அந்த வாரமே வேலைக்கு வந்துவிட்டார்.

"லீவு இருக்கே அண்ணா" என்றேன்.

"இருக்கு. வீட்ல உட்கார்ந்து என்ன பண்றது?"

அன்றைக்கு ஒரு புதுத் தொப்பியைச் சோதிக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னோம். கழித்தார். சிவப்புக் கோடு அழகாக ஏறியது. ஆய்வகத்தின் மூத்த மாணவன், எங்களுக்கெல்லாம் அவன் நெட்டை, "சூப்பர் அண்ணா, வழக்கம்போல" என்றான். அவரும் வழக்கம்போல எழுந்து போனார்.

பிறகொரு நாள் அவராகவே சொன்னார். "துக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியும் பாப்பா. எங்கப்பா போனப்போ அப்படி அழுதேன். இது அது இல்ல. பல்லுப் பிடுங்க ஊசி போடுவாங்கல்ல, அப்புறம் கன்னத்தைத் தொட்டா எப்படி இருக்கும்? கன்னம் அங்கதான் இருக்கு. ஆனா வேற யார் கன்னத்தையோ தொடற மாதிரி. அப்படி இருக்கு."

"நாளாக நாளாகச் சரியாயிடும் அண்ணா."

"ஊசின்னா சாயங்காலத்துக்குள்ள போயிடும்" என்றார்.

மகள் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு மேசையில் இருக்கும், மூடி வைத்திருப்பாள். கேட்டால் பதில் சொல்வாள். சண்டை என்று எதுவும் இல்லை. ஒரே ஒருநாள்தான் வாய்விட்டுச் சொன்னாள்: "அம்மா செத்துட்டாங்கன்னு சொன்ன உடனே உங்களுக்கு வண்டி ஞாபகம் வந்துச்சு. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

இந்த நிலையில் அவளுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவள் அதைச் சொன்ன விதத்தை அவர் எனக்கு அப்படியே ஒப்பித்தார்.

"நீங்க இங்கயே இருங்க. அத்தை அப்பப்போ வந்து பார்த்துக்குவாங்க."

"சரிம்மா."

"சரிதானா?"

"நல்ல வேலைதானே. போயிட்டு வா."

"போயிட்டு வர்றதுக்கு நான் என்ன கடைக்கா போறேன்?"

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் தட்டைக் கழுவி வைத்தார்.

"நீங்களும் வரேன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணா?" என்றேன்.

"அவளோட போகணும்னுதான் இருக்கு. எனக்கு வேற யாரு? ஆனா கூட்டிட்டுப் போன்னு கேட்கறதுக்கு மூஞ்சியில ஏதாவது வேணும்ல? ஒண்ணும் வரமாட்டேங்குது. கல்லோட ஒரே வீட்ல இருக்க முடியாதுன்னு அவங்க அத்தைகிட்ட சொல்லியிருக்கா. அவ சொன்னதுலயும் தப்பு இல்ல."

தொப்பியின் பட்டையை நான் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டினேன்.

"ஏன் பாப்பா, இந்த மெஷின்ல தெரியுமா?"

"எது அண்ணா?"

"உள்ள ஏதாவது இருக்கான்னு. கணக்குப் போட்டா ஏறுதுல்ல. அவ பேசினா ஏறுதான்னு பார்க்கலாமா? ஏறிச்சுன்னா எம் பொண்ணுகிட்ட காட்டலாம்."

மனைவியின் குரல் அவர் போனில் இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்க மாட்டார் என்பதால், அந்த அம்மா குரல் பதிவாக அனுப்புவது வழக்கம். எதையும் அவர் அழித்ததில்லை.

ஆய்வகத்தை நடத்துகிற பேராசிரியை, எங்களுக்கு மேடம், இதைக் கேட்டதும் மறுத்துவிட்டார். "இது மூளையோட மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும். பாசத்தை அளக்கிற கருவி இன்னும் யாரும் செய்யலை. அவர் குடும்ப விஷயத்துல நாம தலையிட வேண்டாம்." மைதானம் அண்ணா, "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

நெட்டைக்குத்தான் மனசு கேட்கவில்லை. மேடம் ஒரு மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்த வாரம், புதிதாக வந்த சென்சார்களை எப்படியும் சோதிக்க வேண்டும், சோதனைக்கு எப்படியும் அவர் தலைதான், காதில் எதைக் கேட்க வைத்தால் என்ன என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தான். மகளையும் வரச் சொன்னார்கள்.

அவள் அலுவலகத்திலிருந்து அப்படியே வந்தாள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "தலையில ஏதாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்னு ஆசைப்பட்டார்."

"எனக்கா?"

அவர் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நெட்டை குரல்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தான். மனைவியின் பதிவு ஒன்று, பிறகு அமைதி, பிறகு வண்டிப் பிரிவு எழுத்தர் அனுப்பிய பதிவு ஒன்று, மறுபடி அமைதி. இப்படி மாறி மாறி. எல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டியிருந்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு சாதாரணக் குரல் வேண்டும். எழுத்தருடையதைவிடச் சாதாரணமான குரல் கிடைக்காது.

"ஏங்க, ஓட்டிட்டு இருந்தா இதைக் கேட்காதீங்க. நிறுத்திட்டுக் கேளுங்க. நிறுத்திட்டீங்களா? வரும்போது நூல்கண்டு ஒண்ணு, கருநீலம். போன தடவை மாதிரி கறுப்பை வாங்கிட்டு வந்து கருநீலம்னு சாதிக்கக் கூடாது."

அமைதி.

"டிரைவர் அண்ணா, நாளைக்குப் பெரிய டாக்டர் வர்றாரு. வண்டி காலையிலேயே முன்வாசல்ல நிக்கட்டும். பின்வாசல் இல்ல, முன்வாசல்."

அமைதி.

"ஏங்க, நான்தான். உங்க பொண்ணு இன்னிக்கு என்னை எதிர்த்துப் பேசிட்டா. நீங்க வந்து அவளைக் கண்டிக்கணும். நீங்க எங்க கண்டிக்கப் போறீங்க, பொறக்கும்போதே உங்களை அழவைக்க மறந்துட்டாங்க போல."

மகள் தன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் சிவப்புக் கோடு ஏறியது. எழுத்தர் பேசியபோது தரையோடு தரையாகக் கிடந்தது. மறுபடி அந்த அம்மா பேசியபோது மறுபடி ஏறியது. நெட்டை விரலால் காட்டினான். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சமவெளி.

"இது என்ன?" என்றாள்.

"அப்பாவோட மூளைங்க. நெற்றிக்குப் பின்னாடி இருக்கிற பகுதி. அம்மா குரலுக்கு மட்டும் வேலை செய்யுது."

"இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினான். அவள் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டாள். அவர் முதுகைப் பார்த்தாள். "அப்பா, போகலாமா?" என்றாள். அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டு வெகு நாளாயிற்று என்று அவர் பின்னால் சொன்னார்.

அந்த வாரம் அவள் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். புது ஊரில் இரண்டு அறை உள்ள வீடாகத் தேடத் தொடங்கினாள். இதையும் அவர் எப்போதும் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார். "ரெண்டு ரூமாம். ஒண்ணுல வெயில் வராதாம். அது எனக்கு" என்றார்.

மேடம் திரும்பி வந்தார். நெட்டைக்கு எதையும் மறைக்கத் தெரியாது. மேடம் திட்டினாலும் படத்தைப் பார்த்தால் சமாதானமாகிவிடுவார் என்று நினைத்து, தானே கொண்டுபோய்க் காட்டினான். மேடம் திட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"குட்டி சென்சார் எங்கே?"

நெட்டை என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெளியே வரும் ஒளி, மூளைக்குப் போகும்போதும் வரும்போதும் தோலைக் கடந்துதான் ஆக வேண்டும். தோலிலும் ரத்தம் ஓடுகிறது. வெட்கப்பட்டால், பயந்தால், இதயம் வேகமாக அடித்தால் தோலின் ரத்தமும் ஏறும். அதனால் ஒளி புறப்படும் இடத்துக்கு மிக அருகிலேயே, ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ளாக, ஒரு குட்டி சென்சாரும் வைக்க வேண்டும். அவ்வளவு அருகில் வெளியேறும் ஒளி மூளையைத் தொட்டிருக்காது, தோலை மட்டும் பார்த்திருக்கும். அது சொல்வதை மொத்தக் கோட்டிலிருந்து கழித்தால், மிச்சம் இருப்பது மூளை. எல்லோருக்கும் இப்படித்தான் செய்வோம். மைதானம் அண்ணாவுக்கு மட்டும் யாரும் செய்வதில்லை. எப்போது விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது. அவர் தலையில் எல்லாம் சுத்தமாக வரும் என்பது ஆய்வகத்தில் ஒரு நம்பிக்கை.

"அவருக்கு மாட்டறது இல்ல மேடம்."

"ஏன்?"

"அது வந்து... நல்ல தலை மேடம்."

"நல்ல தலைன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?" மேடம் குரலை உயர்த்தவில்லை. "முடி இல்லைன்னா ஒளி நல்லா போகும். தோலே இல்லாம போயிடுமா? இந்த ஏத்தம் மூளையா, தோலா? உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது மேடம்."

"அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொன்னே?"

"மூளைன்னு சொல்லிட்டேன்."

மேடம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்கார வைத்து எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். அவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ அது பொய்யா மேடம்?"

"பொய்னு சொல்லலை. எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றேன். தெரிஞ்ச மாதிரி சொன்னது எங்க தப்பு."

"குட்டியையும் சேர்த்து மாட்டிப் பார்த்தா?"

"அப்பவும் ஏறலாம். ஏறாமலும் போகலாம்."

"அவ வீடு பார்த்துட்டு இருக்கா மேடம். என்னையும் சேர்த்து."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவங்ககிட்ட நானே சொல்றேன். இல்ல, நீங்களே சொல்லிக்கறேன்னாலும் சரி. ஆனா யாராவது சொல்லணும்."

அவர் தலையசைத்துவிட்டு வண்டியெடுக்கப் போனார். அடுத்த சில நாட்கள் வந்தார், போனார், தலை வேணுமா என்று மட்டும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கதவோரம் வந்து நின்றார்.

"மாட்டிடலாம் பாப்பா. அவளைக் கூட்டிட்டு வரேன்."

"யோசிச்சீங்களா அண்ணா?"

"அந்தப் படத்தை அவ போன்லயே வச்சிருக்கா. நான் உள்ள நுழையும்போதெல்லாம் அதைப் பார்க்கறா, அப்புறம் என்னைப் பார்க்கறா. படத்துல இருக்கிற ஆளு எப்ப வருவார்னு வாசலைப் பார்க்கிற மாதிரி. எனக்கே அந்த ஆளு யாருன்னு தெரியாது. அவர் பேர்ல நான் எப்படிப் போய் அங்க இருக்கறது?"

இரண்டாம் தடவை மேடமும் கூட இருந்தார். மகளிடம் முதலிலேயே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை. நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் தொப்பியை மாட்டினேன். குட்டி சென்சார்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். அவர் அசையவில்லை.

அதே குரல்கள். நூல்கண்டு, கருநீலம். முன்வாசல், பின்வாசல் இல்லை. பொறக்கும்போதே அழவைக்க மறந்துட்டாங்க.

முடிந்ததும் நெட்டை கணக்கை ஓடவிட்டான். திரையில் மூன்று படங்கள் வந்தன. முதலாவது மொத்தம், போன தடவையைப் போலவே மலையும் சமவெளியும். இரண்டாவது குட்டி சென்சார் பார்த்தது. அதிலும் அதே மலை, ஏறக்குறைய அதே உயரம். மூன்றாவது, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தது. அதில் இரண்டு குரல்களும் ஒன்றுதான். இரண்டும் சமவெளி.

மகள் மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா, இறங்கிடுச்சா?" திரும்பாமலே கேட்டார்.

"இறங்கிடுச்சுப்பா."

"சரி."

மேடம் சொன்னார்: "இதை வச்சு அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. மூளையில ஆழமா இருக்கிற எதையும் எங்க ஒளி தொடாது. ஒரு ஆளை இப்படி ரெண்டு தடவை பார்த்துட்டு எதுவுமே சொல்ல முடியாது."

மகள் நடுப்படத்தைத் தொட்டுக் காட்டினாள். "இது எது?"

"அது தோல்ங்க" என்றான் நெட்டை. "தலைக்கு மேல ஓடற ரத்தம். எங்களுக்குத் தேவையில்லாதது. அதைத்தான் கழிச்சுடுவோம்."

"அம்மா பேசறப்போ இது ஏறுது."

"ஆமா."

"அந்த முன்வாசல்காரர் பேசறப்போ ஏறலை."

"ஏறலை. ஆனா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பழகின குரலுக்கு இதயம் கொஞ்சம் வேகமா அடிச்சாலே போதும்."

"அப்படியா" என்றாள். பிறகு நாற்காலியை அப்பா பக்கம் திருப்பினாள். "நீங்க எதுக்குப்பா இதைத் திரும்பப் பண்ணச் சொன்னீங்க? நான்தான் வீடு பார்த்துட்டு இருந்தேன்ல?"

"அந்தப் படத்துல இருந்தது நான் இல்லம்மா, அதான்." தொப்பியோடு இருந்ததால் தலையைத் திருப்பாமல், எதிரே இருந்த சுவரிடம் சொல்வது போலச் சொன்னார். "எனக்கு உள்ள ஒண்ணும் வரலை. அவ குரல் கேட்குது. நூல்கண்டு வாங்கணும்னு தோணுது. அதோட நின்னுடுது. அன்னிக்கு வண்டியை எடுத்துவிட்டுட்டு உள்ளயே உட்கார்ந்திருந்தேன். அங்க அழுதேன்னு சொன்னா உனக்கு நல்லா இருக்கும். அழலை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."

அவள் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"எனக்கும்தான்" என்றாள்.

"என்னம்மா?"

"எனக்கும் வரலைப்பா. அன்னிக்கும் வரலை, இன்னிக்கு வரைக்கும் வரலை. எல்லாரும் நான் தைரியமான பொண்ணுன்னு சொன்னாங்க. நீங்க அழுதா அதைப் பார்த்தாவது எனக்கு வரும்னு இருந்தேன். நீங்களும் அழலை."

அவர் அப்போதுதான் அசைந்தார். திரையில் கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் குதித்தன. நெட்டை பதிவை நிறுத்தினான்.

நான் தாடைப் பட்டையை அவிழ்த்தேன். சென்சார்களைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன். அவர் தலை முழுக்க வட்ட வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. எப்போதும் பதிவதுதான். சற்று நேரத்தில் போய்விடும். மகள் எழுந்து வந்து அதைப் பார்த்தாள்.

"வலிக்குமா?"

"இல்லம்மா. பழகிடுச்சு."

"ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"என்னன்னு?"

"வேலையை விடறதா."

"நீ ஒண்ணும் சொல்லலையேம்மா."

"இப்ப சொல்றேன்."

நெட்டை தயங்கி, "அப்போ எங்களுக்குத் தலை?" என்றான். மேடம் அவனை முறைத்தார்.

"எங்க சித்தப்பாவை அனுப்பி வைக்கறேன்" என்றாள் மகள். "அவர் தலைக்கும் இதே நிலைமைதான். ஆனா வாயை மூட மாட்டார், பார்த்துக்கங்க."

மைதானம் அண்ணா சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வாசல் வரை போய் நின்று, சாவியைக் கையில் புரட்டியபடி மகளிடம் கேட்டார்.

"அந்த ஊர்ல நான் என்னம்மா பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா" என்றாள். "நானும் ஆபீஸ் விட்டு வந்து ஒண்ணும் பண்ணப் போறதில்ல. ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்."